இருளைக் காக்கும் துருத்தி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் பழைய ஒளிப்படக் கருவி ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். தமிழ் எழுத்துக்கும் இக்கருவிக்கும் உறவு புதிதன்று. பயண இலக்கியத்தை வளர்த்த ஏ.கே. செட்டியார் ஒளிப்படக் கலையை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் முறையாகப் பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய அவருடைய ஆவணப்படம் 1940இல் வெளிவந்தது. ஆயினும் அவ்வுறவை ஆராய்வது இவ்வுரையின் நோக்கமன்று.

மரபு என்னும் சொல் இலக்கியக் கூட்டங்களில் ஓயாது ஒலிக்கிறது. மரபைக் காக்க வேண்டும் என்பாரும் உளர். மரபை உடைக்க வேண்டும் என்பாரும் உளர். மரபைப் பழகுதல் எத்தகைய உழைப்பு என்று பேசுவோர் குறைவு. முன்னோரிடமிருந்து வந்த ஒரு பொருள் எப்போது உண்மையிலேயே ஒருவர்க்கு உரியதாகிறது? இவ்வினாவுக்கு விடை தேடத் துருத்தி வைத்த பழைய ஒளிப்படக் கருவி நல்லதொரு சான்று. வீட்டில் கிடந்த பழைய நகையை அன்றே அணிந்துகொள்ளலாம். இக்கருவியை அவ்வாறு கையாள இயலாது. பழகாதவர் கையில் அது வெறும் பெட்டியே.

துருத்தி என்னும் பெயர்

இவ்வகைக் கருவியை மூடி வைத்தால் தடித்த நாட்குறிப்பு ஏடு போலத் தோன்றும். பொத்தானை அழுத்தினால் முகப்பு மூடி திறந்து, வில்லையைத் தாங்கிய சட்டம் முன்னே வந்து நிற்கும். அச்சட்டத்தையும் பின்னுள்ள பெட்டியையும் இணைப்பது மடிப்பு மடிப்பான தோலுறை. ஆர்மோனியத்தில் காற்றடைக்கும் மடிப்புத்தோலைப் போன்றது அது. வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே 75 அல்லது 105 மி.மீ. இடைவெளி வேண்டும், கருவியோ சட்டைப்பையில் அடங்க வேண்டும். இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்யவே துருத்தி அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரிய மரக் கருவிகளிலேயே இது இடம்பெற்றுவிட்டது. பின்னர்ச் செய்ஸ் ஐகான் நிறுவனத்தின் நெட்டார், அக்ஃபா நிறுவனத்தின் ஐசோலெட், கோடாக் நிறுவனத்தின் பலவகை மடிப்புக் கருவிகள் எனப் பரவி, 1950களோடு பெரிதும் ஓய்ந்தது.

துருத்தி தமிழ்க் கவிதைக்குப் பழைய உறவினன். குறுந்தொகையின் 172ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், ஏழூரின் பொதுவேலைக்காக ஓரூரில் அமைத்த உலைத்துருத்தியைத் தலைவியின் நெஞ்சுக்கு உவமையாக்குகிறார். ஓய்வின்றி மிதிபட்டு வருந்தும் தோல் அது. கொல்லன் துருத்தி காற்றை அடக்கி நெருப்புக்குத் தருகிறது. ஒளிப்படக் கருவியின் துருத்தி இருளை அடக்கி வைக்கிறது. வில்லையின் வழியே வரும் ஒளியன்றி வேறோர் ஒளிப்புள்ளியும் அதனுள் புகலாகாது. இருவகைத் துருத்திக்கும் நோய் ஒன்றே. மடிந்து விரியும் இடத்தில் தோல் தேய்ந்து துளை விழும்.

பெட்டிக்குள் இருந்த சுருள்

சான்றுக்காக ஒரு பேத்தியை எண்ணிக்கொள்ளலாம். இவர் எந்த ஒரு வீட்டையும் சேர்ந்தவர் அல்லர். பல வீடுகளில் இருக்கக்கூடியவர். தாத்தா மறைந்து ஆண்டுகள் பல சென்றபின் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து தோலுறையிட்ட கருவி ஒன்று வெளிவருகிறது. 1950களில் செய்யப்பட்ட ஜெர்மானியக் கருவி. ஒரு சுருளில் 6 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் எடுக்கக்கூடியது. உறைக்குள் முடிச்சுகள் இட்ட நூற்கயிறு ஒன்றும் கிடக்கிறது. கட்டி வைக்கப் பயன்பட்டதாகக் கருதிப் பேத்தி அதை ஒதுக்கி வைக்கிறார். "உன் தாத்தா எடுத்தா படம் தப்பாது. இத யாரையும் தொட விட்டதில்ல. நீயாவது எடுத்துப் பழகு" என்று சொல்லிப் பாட்டி கருவியைக் கொடுத்துவிடுகிறார். எப்படிப் பழகுவது என்று கேட்டால், "எனக்கு என்னம்மா தெரியும்?" என்பதே விடை. செயல்முறை நூல் எப்போதோ தொலைந்துவிட்டது.

இந்நிலையில் எவர்க்கும் முதலில் தோன்றுவது பின்மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை. பேத்தியின் கையைத் தடுப்பது பின்மூடியில் உள்ள சிறு சிவப்புச் சாளரம். அதனுள் 7 என்னும் எண் தெரிகிறது. உள்ளே சுருள் இருக்கிறது. தாத்தா ஆறு படங்களாவது எடுத்திருக்கிறார். திறந்தால் அவை அழியும்.

சுருளின்மேல் பூசிய வெள்ளி உப்பின் மணிகளில் ஒளி பட்டவுடன் நுண்ணிய மாற்றம் ஒன்று நிகழ்ந்துவிடுகிறது. எந்தக் கண்ணாலும் எந்தக் கண்ணாடியாலும் அதைக் காண இயலாது. உருத்துலக்கும் கரைசலில் இட்ட பின்னரே அது படமாகிறது. அதுவரை அங்கிருப்பதை மறைபடிமம் எனலாம். படிமம் என்னும் சொல்லைக் கவிதைத் திறனாய்வில் நாள்தோறும் ஆள்வோர், அதன் இவ்வடிவத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். மறைபடிமம் எத்தனை ஆண்டு தாங்கும்? சுவீடன் நாட்டு ஆந்த்ரே 1897இல் இரு துணைவரோடு வடதுருவம் நோக்கிப் பலூனில் சென்று மறைந்தார். 1930இல் பனித்தீவொன்றில் அவர்களுடைய எச்சங்களோடு படச்சுருள்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பார் அவற்றிலிருந்து 93 படங்களை மீட்டெடுத்தார். 33 ஆண்டு காத்திருந்த படங்கள் அவை. பனி அவற்றைக் காத்தது. தமிழ்நாட்டு வெயிலில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த சுருளுக்கு அத்தகைய காவல் இல்லை. ஆயினும் நம்பிக்கை முற்றிலும் இல்லை என்று கூறுவதற்கும் இல்லை.

பேத்தி நிழலான இடத்தில் நின்று, திருகைச் சுழற்றிச் சுருளை இறுதிவரை சுற்றுகிறார். காப்புத்தாளின் முனை சாளரத்தைக் கடந்தபின் மூடியைத் திறந்து, சுருளை எடுத்து ஒட்டி, கறுப்புத் தாளில் பொதிந்து வைக்கிறார். அதை உடனே உருத்துலக்க அவர் துணியவில்லை. அச்சுருளுக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. கரைசலில் இட்டபின் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே முதலில் தாம் கற்க வேண்டும். கற்று முடித்த கையால் தாத்தாவின் சுருளைத் தொட வேண்டும் என்று முடிவு செய்கிறார். அவருடைய கல்வி இவ்வாறு தொடங்குகிறது.

கையும் கணக்கும்

முதல் வேலை துருத்தியைச் சோதித்தல். இரவில் அறையை இருட்டாக்கி, பின்மூடியைத் திறந்து, சிறிய டார்ச் விளக்கை உள்ளே வைத்து வெளியிலிருந்து நோக்க வேண்டும். மடிப்பு மூலைகளில் ஒளிப்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் படத்தில் ஒரு வெண்கறையாக விழும். சிறு துளைகளைக் கறுப்புத் துணிச்சாயத்தை நுண்ணிய தூரிகையால் தொட்டு அடைக்கலாம். துருத்தியை விரித்து வைத்தே உலர்த்த வேண்டும், மடித்தால் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது வில்லை. ஈரக் காற்றுள்ள ஊர்களில் வில்லையின் உட்புறம் சிலந்தி வலைபோல் பூசணம் படரும். துடைப்பதற்கு முன் தூசியை ஊதி அகற்றவில்லையெனில் துணியே வில்லையைக் கீறிவிடும். தொலைவு வளையம் அசையாமலும் போகலாம். அக்காலத்து ஐசோலெட் கருவிகளில் இட்ட மசகு பசை ஆண்டுகள் செல்லச் செல்லப் பச்சை நிறக் கட்டியாக இறுகிவிடுவது பழுது பார்ப்போர் நன்கு அறிந்த செய்தி. வலிந்து திருகினால் முறியும். கழற்றித் துடைத்துப் புதிய பசை இட வேண்டும். தானே படம் எடுக்கும் நெம்புகோல் இருந்தால் அதைத் தொடாதிருத்தல் நன்று. பழைய வில் சிக்கி, கதவு முழுவதும் நின்றுபோகக் கூடும்.

படம் எடுக்கும் முறையோ ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல செயல்களின் கோவை. முகப்பு மூடியை மெல்லத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் துருத்தி காற்றை உறிஞ்சிச் சுருளை வளைத்துவிடும். திறந்தபின்னரே சுருளை அடுத்த எண்ணுக்குச் சுற்றுதல் வேண்டும். அப்போதுதான் சுருள் இழுபட்டுத் தட்டையாக நிற்கும். பின்னர்த் தொலைவை மதித்து வளையத்தில் வைத்தல், வில்லைத் துளையின் அளவை வைத்தல், கதவின் வேகத்தை வைத்தல், கதவின் வில்லை முறுக்குதல், மூச்சை அடக்கி அழுத்துதல். பல பழைய கருவிகளில் இவற்றுள் ஒன்றை மறந்தால் கருவி எச்சரிப்பதில்லை. சுற்ற மறந்தால் ஒரு படத்தின்மேல் மற்றொரு படம் விழும். இருமுறை சுற்றினால் ஓரிடம் வெறுமையாகும். முறுக்க மறந்தால் எதுவும் நிகழாது.

ஒளியை அளக்கும் மானி இக்கருவியில் இல்லை. கண்ணே மானி. ஐ.எஸ்.ஓ. 100 சுருளுக்கு முழு வெயிலில் துளை எஃப் 16, வேகம் நொடியில் 100இல் ஒரு பங்கு என்பது அடிப்படைக் கணக்கு. மெல்லிய மேகம் படர்ந்தால் எஃப் 11, மூடாக்கில் எஃப் 8, தாழ்வார நிழலில் 5.6 அல்லது 4.5 எனத் துளையை விரிக்க வேண்டும். எண் சிறிதாகத் துளை பெரிதாவது புதியவரைக் குழப்பும். வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்த ஈவே அந்த எண். 75 மி.மீ. வில்லையில் எஃப் 11 என்றால் ஏறத்தாழ 7 மி.மீ. துளை, 4.5 என்றால் ஏறத்தாழ 17 மி.மீ. துளை. காரணம் தெரிந்தவுடன் குழப்பம் நீங்கிவிடுகிறது.

தொலைவை மதித்தலே எல்லாவற்றினும் கடினம். எளிய மடிப்புக் கருவிகளின் காட்சிச் சாளரம் படத்தின் எல்லையை மட்டும் காட்டும்; தெளிவைக் காட்டாது. எஃப் 11இல் வளையத்தைப் 10 மீட்டரில் வைத்தால் 5 மீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவாக விழும். துளையை 4.5க்கு விரித்து இரண்டு மீட்டரில் நிற்கும் ஒருவரை எடுக்கும்போது தெளிவின் ஆழம் ஓர் அடியளவே. அரை அடி பிழைத்தால் முகம் மங்கும். பின்னுள்ள சுவர் தெளிவு பெறும். அண்மையில் நிற்பவர்க்கு மற்றொரு தொல்லையும் உண்டு. காட்சிச் சாளரம் வில்லைக்கு மேலே இருப்பதால் கண் காண்பதும் வில்லை காண்பதும் வேறுபட்டுத் தலை வெட்டுப்படும்.

வெண்பாப் பயிலும் மாணவர் முதலில் விரல்விட்டுச் சீர்களை எண்ணுவர். நாளடைவில் தளை பிழைத்த இடத்தைச் செவியே காட்டிவிடும். பேத்தியும் முதல் நாட்களில் செயல்களை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்கிறார். சில திங்களில் சொல் நின்று, கை தானே செய்கிறது.

சிவப்புச் சாளரம் கற்பிப்பது

பின்மூடியின் சாளரத்துக்குச் சிவப்பு நிறம் ஏன் என்னும் வினா சிறிதாயினும் விடை பெரிது. முற்காலச் சுருள்கள் செந்நிற ஒளியை உணரமாட்டா. ஆகவே சிவப்புக் கண்ணாடியின் வழியே எண்ணைப் பார்ப்பதால் கேடில்லை. பின்னர் வந்த சுருள்கள் எல்லா நிறங்களையும் உணர்வன. அவற்றுக்குச் சிவப்புச் சாளரம் முழுமையான காவல் அன்று. வெயிலில் திறந்து வைத்தால் காப்புத்தாளையும் மீறி ஒளி கசியலாம். சாளரத்தின் மூடியை இட்டு வைத்து, நிழலில் மட்டும் ஒரு கணம் திறந்து எண்ணைப் பார்த்து மூடிவிட வேண்டும்.

முன்னோர் வைத்த சாளரம் பிழையன்று. அவர்கள் கையாண்ட சுருளுக்கு அது பொருந்தியது. சுருள் மாறியபின் சாளரத்தை அப்படியே நம்புவதும் கேடு. சாளரமே மூடத்தனம் என்று உடைத்தெறிவதும் கேடு. அது இல்லையேல் எண்ணே தெரியாது. காரணத்தை அறிந்தவரே எவ்விதியை எங்கே தளர்த்துவது, எங்கே இறுக்குவது என்று அறிவார். எதுகை மோனை பற்றிய வழக்காடல்கள் பலவற்றில் இரு சாராரும் காரணத்தை விட்டு விதியைப் பற்றி மட்டுமே பேசுதல் காணலாம்.

சுருள் வகையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 120 வகைச் சுருள் 1901இல் கோடாக் நிறுவனத்தால் அறிமுகமாகி இன்றும் செய்யப்பட்டுவருகிறது. அதே அகலமுள்ள 620 வகையைக் கோடாக் 1995இல் நிறுத்திவிட்டது. 620 கருவியைப் பெற்றவர், இருட்டில் 120 சுருளை மெல்லிய பழைய உருளையில் மாற்றிச் சுற்றிக்கொள்கிறார். வழக்கொழிந்த சந்தத்துக்குப் புதுச்சொல் பெய்து பாடுவோர் செய்வதும் இதுவே.

பன்னிரண்டு படங்கள்

பேத்தியின் முதற்சுருளில் பன்னிரண்டு இடங்கள். ஓரிடம் வெறுமை. ஓரிடத்தில் கோயில் கோபுரத்தின்மேல் அத்தையின் முகம். மூன்று மங்கல். இரண்டு போதிய ஒளியின்றித் தேறாதவை. எஞ்சிய ஐந்து, படம் என்று சொல்லத் தக்கவை. ஒவ்வொரு படத்துக்கும் ஒளி, துளை, வேகம், மதித்த தொலைவு ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தமையால் எந்தப் பிழை எதனால் நேர்ந்தது என்று காண முடிகிறது. குறிப்பில்லாத பிழை மனத்தாங்கலாக மட்டும் எஞ்சியிருக்கும்.

பன்னிரண்டே இடம் என்னும் எல்லை பார்வையை மாற்றுகிறது. கைப்பேசியில் எடுத்துவிட்டுப் பின்னர்த் தெரிவு செய்வது வழக்கம். இங்கோ எடுப்பதற்கு முன்னரே தெரிவு முடிந்திருக்க வேண்டும். ஒளிப்பட வரலாற்றில் இதற்கு வலிய சான்று ஒன்று உண்டு. ஷாக்கிள்டன் தலைமையில் 1914இல் தென்துருவப் பகுதிக்குப் புறப்பட்ட 'எண்டூரன்ஸ்' கப்பல் பனியில் சிக்கி நொறுங்கியது. 1915 நவம்பரில் அக்குழுவின் ஒளிப்படக் கலைஞர் பிராங்க் ஹர்லியும் தலைவரும் பனிப்பாளத்தின்மேல் அமர்ந்து, கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களுள் கொண்டுசெல்லத் தக்கவற்றைத் தேர்ந்தனர். ஏறத்தாழ 400 தகடுகள் அங்கேயே உடைக்கப்பட்டன. மனம் மாறி மீண்டும் எடுத்துக்கொள்ளாதிருக்கவே உடைத்தனர். பெருங்கருவிகளையும் கைவிட நேர்ந்தது. ஹர்லியிடம் எஞ்சியவை 'வெஸ்ட் பாக்கெட் கோடாக்' என்னும் சிறு துருத்திக் கருவியும் மூன்று சுருள்களுமே. 1916 ஆகஸ்டில் மீட்கப்படும்வரை அவற்றைக்கொண்டு அவர் எடுத்தவை 38 படங்கள். தொகுதி வெளியிடும் கவிஞர் ஒவ்வொருவரும் நினைவிற்கொள்ளத் தக்க எண்கள் இவை.

நிழலும் ஒளியும்

எடுப்பது பாதி, துலக்குவது மறுபாதி. ஒளிபுகாத தொட்டிக்குள் இருக்கும் சுழல்தாங்கியில் சுருளை முழு இருளில் ஏற்ற வேண்டும். பேத்தி கெட்டுப்போன சுருள் ஒன்றைக்கொண்டு முதலில் பகலிலும், பின்னர்க் கண்ணை மூடியும், அதன்பின் இருட்டிலும் பழகுகிறார். உருத்துலக்கும் கரைசலுக்கு உரிய வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். எஃப்.பி.4 பிளஸ் சுருளை ஐ.டி.11 கரைசலில் அவ்வெப்பநிலையில் எட்டரை நிமிடம் வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் குழாய்நீர் கோடையில் 30 பாகையையும் கடக்கும். வெப்பம் ஏற ஏறக் கரைசல் விரைந்து செயற்பட்டுப் படம் கருகும். எனவே தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி இட்ட நீர், கையில் வெப்பமானி, எதிரே கடிகாரம். குளிர்நாட்டில் எழுதிய குறிப்பைச் சொந்த ஊரின் நீருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வேலை இது.

தமிழில் இப்பொருளுக்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. துலக்கி முடித்து உலர்த்திய சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்க்கு மூன்றும் பொருந்தும். ஒளி பட்ட இடம் கருமையாகவும் நிழல் வெறுமையாகவும் அங்கே மாறி நிற்கின்றன. நெகட்டிவில் நிழலாயிருப்பதே தாளில் ஒளியாகிறது. பழஞ்சுருளாயின் எல்லாவற்றின்மேலும் புகைபோல் மூட்டம் படர்ந்திருக்கும்.

தாத்தாவின் சுருள்

ஓராண்டுப் பழக்கத்துக்குப் பின் பேத்தி கறுப்புத் தாளைப் பிரிக்கிறார். துலக்கிய சுருளில் முதல் இரண்டு இடங்களும் மூட்டமே. மூன்றாவதில் திண்ணைமேல் இரு சிறுவர்; தலைகள் வெட்டுண்டு கிடக்கின்றன. காப்புத்தாளின் 3 என்னும் எண் அவர்கள் மார்பில் கறையாகப் பதிந்திருக்கிறது. நான்காவதில் கிணற்றடியில் இளவயதுப் பாட்டி. முகம் மங்கல், பின்சுவரின் செங்கற்கள் தெளிவு. ஐந்தாவதிலும் அதே கிணற்றடி, அதே பாட்டி. முகம் தெளிவு, ஆனால் ஒளி போதவில்லை. ஆறாவதில் மீண்டும் அதே இடம். மூட்டத்தினூடே முகமும் ஒளியும் சரியாக அமைந்திருக்கின்றன. துருத்தியை நோக்கியபடியே இத்தனை ஆண்டு நின்ற ஏழாம் இடத்தில், கசிந்த ஒளியின் கோடுகள் மட்டுமே. எஞ்சியவை எடுக்கப்படாதவை.

தாத்தா எடுத்தால் தப்பாது என்பது அவ்வீட்டார் நம்பிக்கை. தேறிய படங்களே ஆல்பத்தில் ஒட்டப்பட்டமையால் எழுந்த நம்பிக்கை அது. சுருளோ அவர் தடுமாறியதையும், தடுமாற்றத்தை அதே சுருளில் இரண்டு முறை திருத்தியதையும் காட்டுகிறது. நான்காம் படத்தின் பிழை எதுவென்று ஓராண்டுக்கு முன் பேத்தியால் கூறியிருக்க இயலாது. இன்று பார்த்த அளவில் தெரிகிறது: தொலைவு பிழைத்தது, பின் தொலைவு திருந்தி ஒளி பிழைத்தது, பின் இரண்டும் பொருந்தின.

மூன்று படங்களையும் அச்சிட்டுப் பாட்டியிடம் காட்டி, "தொலைவைத் தாத்தா எப்படிப் பாட்டி அளந்தார்?" என்று கேட்கிறார்.

பாட்டி உடனே சொல்கிறார்: "கயித்த வச்சுத்தான். ஒரு முனைய நான் கன்னத்துல வச்சுப் புடிச்சுக்கணும். மறுமுனை அவர் கையில. ஒரே எடத்துல மூணு தடவ நிக்க வச்சாரு. அடுப்புல பால் பொங்கிப் போச்சு."

ஒதுக்கி வைத்த கயிற்றை எடுத்துப் பேத்தி அளந்து பார்க்கிறார். முடிச்சுகள் 4 அடி, 6 அடி, 8 அடி. வில்லை வளையத்தில் பொறித்த எண்களும் அவையே.

முதல்நாள் "எனக்கு என்ன தெரியும்?" என்றவர் பொய் கூறவில்லை. கருவியை எப்படிப் பழகுவது என்னும் பொதுவினாவுக்கு அவரிடம் விடை இல்லை. தொலைவை எப்படி அளந்தார் என்னும் வினாவுக்கு விடை அவர் கன்னத்திலேயே இருந்தது. அவ்வினாவைக் கேட்கும் தகுதியைப் பெறப் பேத்திக்கு ஓராண்டு ஆயிற்று. அதற்குள் பாட்டி இல்லாமற் போயிருந்தால் முடிச்சிட்ட கயிறு வெறுங்கயிறாகவே இருந்திருக்கும்.

ஏடும் கருவியும்

தமிழிலக்கிய வரலாறு இவ்வுண்மையை முன்னரே கண்டிருக்கிறது. 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். ஏடு இருந்தது, நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. பெரும்புலவரிடம் பயின்ற அவர்க்கும் சமண சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. ஏட்டை மூடிவிட்டு அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டார். அங்கே அந்நூலை வழிவழியாகப் படித்துவந்தோர் இருந்தனர். ஏட்டில் முட்டி நின்ற இடங்கள் அவர்கள் வாய்மொழியால் திறந்தன. 1887இல் வெளிவந்த பதிப்பின் பின்னே ஏட்டோடு ஒத்த அளவில் அந்தக் கேள்விகளும் நிற்கின்றன.

ஏடாயினும் கருவியாயினும் பொருளை எழுதி வைத்துவிட்டுப் போகலாம். கைப்பழக்கத்தை அவ்வாறு எழுதி வைக்க இயலாது. அது மனிதரோடு இருக்கிறது, கேட்டால் வருகிறது, கேளாவிடில் அவரோடு போகிறது. கேட்பதற்கோ கேட்பவரும் ஓரளவு கற்றிருத்தல் வேண்டும். உழைத்து முட்டிநின்ற இடத்திலிருந்துதான் சரியான வினா பிறக்கிறது.

பத்தாண்டு நிறைவில் மலர் வெளியிடுவது சிறப்பே. இவ்வட்டத்தின் மூத்தோருள் சந்தத்தைச் செவியால் அளப்பவர் இருக்கலாம். சிந்தும் கும்மியும் பழைய மெட்டில் பாட வல்லவர் இருக்கலாம். ஓலையெழுத்தைத் தடையின்றி வாசிப்பவர் இருக்கலாம். அவர்களைக் கேட்டால் "எனக்கு என்ன தெரியும்?" என்றே பெரும்பாலும் கூறுவர். அவ்விடையோடு திரும்பிவிடாமல், இளைய கவிஞர் ஒவ்வொருவரும் ஒரு சந்தத்தையேனும், ஒரு மெட்டையேனும் தாமே முயன்று, முட்டி நிற்கும் இடத்தில் மீண்டும் சென்று கேட்க வேண்டும். மாதக் கூட்டத்தில் இதற்கென ஒரு மணி நேரத்தை ஒதுக்குதல் அரிதன்று. மூத்தோர் உடனிருக்கும் இக்காலமே அதற்கு ஏற்ற காலம்.